முதுகில் வைத்த கூர்

அத்தியாயம் 7

"கத்தி தீட்டத் தெரியாதவன் ஒருத்தன் கடைக்குப் போனா எதையெல்லாம் வாங்குவானோ, அதையெல்லாம் வாங்கிட்டு வா," என்றாள் சவாகோ.

"அப்ப என்னை அனுப்புறது சரிதான் அக்கா," என்றான் டைகோ.

சொல்லிவிட்டானே தவிர, சகாய் நகரத்தில் அது லேசான வேலை இல்லை. நாட்டில் பாதிச் சமையல்காரர்கள் பிடிக்கும் கத்தி இந்த ஊர்ப் பட்டறைகளில்தான் பிறக்கிறது. இங்கே போய், இழுத்துத் தீட்டும் பெட்டி இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரி எப்படிப் பார்ப்பாள் என்பதை டைகோ அன்று காலை பத்தரை மணிக்குத் தெரிந்துகொண்டான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கல்லாவுக்கு அடியில் குனிந்து, நடுவில் பள்ளமும் உள்ளே இரண்டு சக்கரமும் வைத்த அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தாள். வெளியே தெரியக்கூடாது என்பதுபோல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

கடையிலேயே மலிவான ஆயிரம் நம்பர் சாணைக்கல் ஒன்று, மேல்நாட்டுக்காரர்கள் கறி வெட்டும்முன் உரசுகிற தீட்டுக்கம்பி ஒன்று, நாசமானாலும் கவலையில்லாத கத்திகள் நான்கு. இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டபோது, வீட்டில் தேநீர்க் கிண்ணம் இருக்கும் அல்லவா, அதைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத வளையம் இருக்கும், அவசரத்துக்கு அதில் உரசலாம், அதற்குக் காசு வேண்டாம் என்றாள் கடைக்காரி. தன்னைப் பார்த்தால் அவ்வளவு பாவமாகவா தெரிகிறது என்று டைகோவுக்கு வருத்தம்.

வெளியே எஞ்சின் ஓடியபடி கார் நின்றது. சவாகோ கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஐம்பத்து நாலு வயது. இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குப் பிடித்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். அந்த அலுவலகத்தின் மொத்தச் சிப்பந்தியும் டைகோதான்.

"பன்னெண்டு நிமிஷம்," என்றாள்.

"அந்தம்மா பார்த்த பார்வையிலேயே பத்து நிமிஷம் போச்சு."

சிரிக்க இருவருக்கும் மனமில்லை. மூன்று மணிக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் கென்சாகு என்ற தீட்டுக்காரர் வீட்டைவிட்டுக் கிளம்பினார். முப்பது வருடமாகக் கத்திக்குக் கூர் வைப்பதே தொழில். பட்டறை நிலம் சம்பந்தமான ஏதோ பத்திரத்தில் சந்தேகம், யாரையோ கேட்க வேண்டும், வரும் வழியில் உன் கத்திக்குப் பிடி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று மனைவி மசுயோவிடம் சொல்லி, அவளுடைய கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். பிடி போடும் கடைக்கு அவர் போகவில்லை. நான்காம் நாள் அவருடைய போனிலிருந்து ஒரு செய்தி வந்தது. எனக்கு வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது, தேடாதே, நிலத்தை விற்கும் பத்திரத்தில் முத்திரை வைத்துவிடு. அவ்வளவுதான். நிலம் மசுயோ பேரில் இருந்தது; கையெழுத்துக்குப் பதிலாக அவள் முத்திரை விழுந்தால்தான் விற்பனை செல்லும்.

மசுயோ அழவில்லை. கணவரின் தம்பி எய்ஜியிடமும், குடும்பத்துக்குப் பத்திரம் எழுதும் நிஷிவாகியிடமும் ஒரே பதில் சொன்னாள். அவர் உயிரோடு இருக்கிறார், இது அவர் விருப்பம்தான் என்பதற்கு அவரால் மட்டுமே தர முடிகிற அடையாளம் ஒன்று வரட்டும், அப்புறம் முத்திரை வைக்கிறேன்.

நேற்று மாலை அடையாளம் வந்துவிட்டது. அனுப்பியவர் பேர் இல்லாத பொட்டலத்தில், புதிதாகத் தீட்டிய அவளுடைய கத்தி. இன்று மூன்று மணிக்கு நிஷிவாகி பத்திரத்தோடு வருகிறார்.

மசுயோவின் சமையலறைக்குள் நுழைந்தபோது அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். குளிர்ந்த வாற்கோதுமைத் தேநீர் ஊற்றி வைத்தாள். பிறகு அதைக் குடிக்கும்முன்பே எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள்.

ஒரு வெள்ளை முள்ளங்கியைப் பலகையில் வைத்து, இடது கையால் கத்தியை எடுத்து நேராகக் கீழே அழுத்தினாள். கத்தி நேராக இறங்கவில்லை. பாதியில் ஒரு பக்கமாக நழுவி, துண்டு ஒரு ஓரம் தடிமனாகவும் ஒரு ஓரம் காகிதமாகவும் விழுந்தது.

"பாத்தீங்களா மேடம்," என்றாள். "இது என் கல்யாணத்துக்கு அவர் அடிக்கச் சொன்ன கத்தி. நான் இடது கைக்காரி. இதுக்கு இடது பக்கம்தான் கூர். வலது பக்கம் முதுகு. முதுகைக் கல்லு மேல தட்டையா வச்சு பிசிறு எடுப்பாங்களே தவிர, அங்க யாரும் கூர் வைக்கமாட்டாங்க. இதுல வச்சிருக்கு."

கத்தியைத் திருப்பிக் காட்டினாள். வலது பக்கம், விளிம்பை ஒட்டி, அடியிலிருந்து நுனிவரை ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு ஓடியது.

"வலது கைக்காரன் எவனோ சாதாரணக் கத்தின்னு நெனச்சுத் தீட்டியிருக்கான். இருபத்தாறு வருஷமா அவர் தவிர யாரும் இதைத் தொட்டதில்ல. தொட விடமாட்டார்." அவள் குரல் அதே மட்டத்தில் இருந்தது. "வேற ஒருத்தன் தீட்டியிருக்கான்னா, அவர் இல்லைன்னு அர்த்தம். நிலம் போனாப் போகட்டும். எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரியணும். இருக்காரா, இல்லையா?"

சவாகோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். டைகோவைப் பார்த்து, "ஆரம்பி," என்றாள். எந்தக் கருவி இந்தக் கோட்டைப் போட்டது என்று தெரிந்தால், எந்தக் கை போட்டது என்று தெரியும் என்பது அவள் கணக்கு.

முதலில் பெட்டி. பள்ளத்தில் கத்தியை வைத்து மூன்று தடவை இழுத்தான். சக்கரம் கறகறவென்று கத்தியது. எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுரண்டியிருந்தது.

"இது ரெண்டு கன்னத்துலயும் அறையுற ஆள்," என்றான். "நமக்கு ஒரு கன்னத்துல அறையுற ஆள் வேணும்."

பெட்டி ஓரமாகப் போனது. அடுத்து தீட்டுக்கம்பி. படங்களில் வரும் சமையல்காரன் மாதிரி ஆசையோடு உரசினான். கூர் எங்கோ ஒரு இடத்தில் பட்டது, எங்கோ படவே இல்லை. கோடு விட்டுவிட்டு வந்தது. கம்பியும் போனது. மூன்றாவதாக, மசுயோ கொடுத்த தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தான். அடி வளையம் வழுக்காமல் இருக்க ஈரத்துணி போட்டு, கத்தியைச் சாய்த்து உரசினான். கூர் ஏறத்தான் செய்தது, அது அவனுக்கே ஆச்சரியம். ஆனால் வளையம் குறுகல், கத்தி நீளம். கோடு அலை அலையாக மேலும் கீழும் போயிற்று. வளையத்தில் கறுப்புக் கறை வேறு.

"எத்தனை மணி?" என்று மசுயோ கேட்டாள். பன்னிரண்டே கால் என்றான். அவள் குளிர்பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு எதையும் எடுக்காமல் மூடினாள்.

கடைசியாகக் கல். தண்ணீரில் ஊறப் போட்டிருந்தான். குமிழி வருவது நின்றதும் எடுத்து வைத்து, நாலாவது கத்தியின் ஒரு பக்கத்தை மட்டும் சாய்த்துத் தள்ளித் தள்ளித் தேய்த்தான். செங்கல் நிறத்தில் சேறு வழிந்தது. மணிக்கட்டு வலித்தது. கோணம் நிற்கவில்லை. கையைப் பிடித்தால் தோள் ஆடியது, தோளைப் பிடித்தால் முட்டி ஆடியது.

வாசல் கதவு இழுபட்டது. எய்ஜி வந்தான். பட்டறையில் மெருகு போடும் வேலை. கடன்காரன் இல்லை, குடிகாரன் இல்லை, ஆனாலும் நிலத்தை விற்றுவிடலாம் என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் என்பதால் டைகோவின் பட்டியலில் முதல் பேர் அவனுடையதுதான். கத்தி வந்த விஷயம் தெரியும், இன்னும் பார்க்கவில்லை என்றான்.

செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. வாசல்படியில் நின்றபடி, பத்தடி தூரத்தில் சவாகோவின் கையில் வெளிச்சம் பட்டுத் திரும்பிய கத்தியைப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணி கத்திக்கு முதுகுல எவன் கூர் வச்சான்?"

யாரும் அவனுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் உள்ளே வந்து கத்தியை வாங்கிப் பார்த்து, இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் அலகில் எவ்வளவு தேய்த்துத் தள்ள வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் புலம்பினான். நடிப்பு என்றால் நல்ல நடிப்பு என்று டைகோ நினைத்துக்கொண்டு மறுபடி தேய்க்கப் போனான்.

"போதும்," என்றாள் சவாகோ. "கொண்டா இங்க."

அவனுடைய கத்தியையும் மசுயோவின் கத்தியையும் சன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் கால் விரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவளோடு ஆறு வருடம் இருந்ததில் டைகோ அதை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான்.

"எவ்வளவு நேரம் தேய்ச்ச?"

"இருபது நிமிஷம். கை விட்டுப்போச்சு."

"உன் கோடு எப்படி இருக்கு?"

"எலி கடிச்ச மாதிரி இருக்கு. எடுத்துச் சொல்லணுமா அக்கா?"

"இவங்க கத்தில?"

டைகோ குனிந்தான். அடியில் எவ்வளவு அகலமோ நடுவிலும் அவ்வளவு, நுனி வளைகிற இடத்திலும் அவ்வளவு. அந்த வளைவில்தான் அவன் மூன்று தடவை தோற்றிருந்தான். "ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

"தெரியாதவன் செஞ்ச தப்பு இவ்வளவு நேரா இருக்குமா?" என்றாள் சவாகோ.

எய்ஜி கத்தியை எடுத்து, கட்டைவிரலை முதுகில் வைத்து மெதுவாக ஓட்டினான். இரண்டாவது தடவையும் ஓட்டினான். "அண்ணன்," என்றான். "அண்ணி, இது அண்ணன் கை."

மசுயோ அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சவாகோ அவளுக்கு எதிரே குந்திச் சொன்னாள். யாரோ அவரைத் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள், எப்போதும்போல் தீட்டு, உன் பெண்டாட்டி நம்பவேண்டும் என்று. பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். எழுத முடியாது, பேச முடியாது. அந்தக் கைக்குத் தெரிந்தது தீட்டுவது ஒன்றுதான். அதனால் இருபத்தாறு வருடத்தில் செய்யாத ஒன்றை வேண்டுமென்றே, ஒரு மயிரிழை பிசகாமல் செய்து அனுப்பியிருக்கிறார். மனைவி முள்ளங்கி வெட்டினால் போதும், தெரிந்துவிடும் என்று.

"ஆனா நான் அவர் செத்துட்டார்னு நெனச்சேனே," என்றாள் மசுயோ.

"பாதி சேதி படிச்சீங்க. மீதியை டைகோவோட திறமையின்மை படிச்சுக் குடுத்துச்சு."

"இதுக்குத்தான் சம்பளமே," என்றான் டைகோ. பிறகு மனதை அரித்ததைக் கேட்டுவிட்டான். கையில் கத்தி இருந்தும் அவர் ஏன் தப்பி ஓடவில்லை?

ஓட முடியாத நிலையில் இருக்கிறார் என்றாள் சவாகோ. முத்திரை விழும்வரைதான் அவர் தேவை. விழுந்த பிறகு அவரை வைத்துக்கொண்டிருக்க யாருக்கும் காரணம் இல்லை. இதைச் சொல்லும்போது அவள் மசுயோவைப் பார்க்கவில்லை.

யார் என்ற கேள்விக்கு அவள் நீண்ட நேரம் எடுக்கவில்லை. பட்டறையில் வளர்ந்தவன் எவனாக இருந்தாலும் வாசல்படியிலிருந்தே கண்டுபிடித்திருப்பான், இந்த மாதிரிக் கத்தியை அனுப்ப விட்டிருக்கவே மாட்டான். ஆக, அனுப்பியவன் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தும் எதுவும் தெரியாதவன். நேற்று பொட்டலத்தைப் பிரித்தபோது கூட இருந்தது யார்?

நிஷிவாகி ஐயா தற்செயலாக வந்திருந்தார் என்றாள் மசுயோ. நகத்தில் வைத்துக் கத்தியின் கூர் பார்த்து, அவர் கையேதான், சந்தேகமே இல்லை என்று அவர்தான் முதலில் சொன்னார்.

அது போதாது. புகழ்ந்தான் என்பதற்காக யாரையும் பிடிக்க முடியாது. கென்சாகு எங்கே என்று தெரியவேண்டும். சவாகோ கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடி தளர்ந்துபோய் ஆடியது, அதைத்தான் கென்சாகு மாற்ற நினைத்தார். அலகு பிடிக்குள் நுழைகிற இடுக்கில் எதுவோ காய்ந்திருந்தது. பல்குத்தும் குச்சியால் கிளறி வெள்ளைத் தட்டில் உதிர்த்தாள். கல் கரைந்த சேறு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் நிறம் தெரிந்தது. டைகோவின் கல்போல் செங்கல் நிறம் இல்லை. பட்டறைக் கல்லில் வரும் வெள்ளையும் இல்லை. பாசி மாதிரி, சாம்பல் கலந்த பச்சை.

எய்ஜி மெருகு போடுகிறவன், கல்லில் தீட்டிப் பழக்கமில்லை; அவனுக்குத் தெரியவில்லை. மசுயோ விரலில் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள்.

"மாமனார் கல்லு," என்றாள். "கல்யாணமான புதுசுல ஒரு வருஷம் மிசாகிக் கடலோரத்துல அவங்க படகுக் கொட்டாய்லதான் இருந்தோம். பின்னாடி மலைச்சரிவுல மாமனார் தானே வெட்டி எடுத்த கல்லு அது. அதுல தீட்டித் தீட்டி என் நகமெல்லாம் பச்சையாத்தான் இருக்கும். அந்தக் கல்லை யாரும் கடையில வாங்க முடியாது."

கொட்டகையின் சாவி யாரிடம் என்று சவாகோ கேட்பதற்குள் எய்ஜி எழுந்துவிட்டான். அப்பா செத்ததிலிருந்து பத்திரம் முடியவில்லை என்று சொல்லி நிஷிவாகியே வைத்திருக்கிறார் என்றான். அவன் வண்டிச் சாவியைத் தேடிய அவசரத்தில் பாக்கெட்டிலிருந்த சில்லறை தரையில் ஓடியது.

மணி ஒன்றே கால். மிசாகிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எய்ஜியோடு கிளம்பும்போது சவாகோ இரண்டு விஷயம் சொன்னாள். அந்த ஊர்க் காவல் நிலையத்தில் அவளுக்கு ஒரு பழைய ஆள் இருக்கிறார், வழியில் ஏற்றிக்கொள்வாள். அவளிடமிருந்து போன் வரும்வரை நிஷிவாகி இந்த வீட்டைவிட்டு நகரக்கூடாது, சந்தேகமும் படக்கூடாது, முத்திரையும் விழக்கூடாது.

"அதாவது ஆளையும் பிடிச்சு வைக்கணும், பிடிச்சு வச்சிருக்கோம்னும் தெரியக்கூடாது," என்றான் டைகோ.

"உன் கல்யாணப் பேச்சுல பொண்ணு வீட்டுக்காரங்க உன்னை அப்படித்தானே நாலு மணி நேரம் வச்சிருந்தாங்க. நெனப்பு இருக்குல்ல, செய்."

நிஷிவாகி மூன்றுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் இனிப்புப் பெட்டி. சமையலறையில் நின்ற டைகோவை நகோயாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் என்று மசுயோ சொன்னாள். டைகோ தலை வணங்கிவிட்டு இழுகதவை முக்கால்வாசி மூடினான். கைக்கு வேலை வேண்டும் என்பதால் நாலாவது கத்தியை எடுத்துக் கல்லில் தேய்க்க ஆரம்பித்தான். காது முழுக்க அந்தப் பக்கம்.

மசுயோ தேநீர் வைத்தாள். இனிப்பைத் தட்டில் அடுக்கினாள். நிஷிவாகி அவளுக்காக மிகவும் வருத்தப்பட்டார். ஆண்கள் சில சமயம் இப்படித்தான், ஆனாலும் கத்தியைத் தீட்டி அனுப்பியிருக்கிறார் பாருங்கள், மனசு இருக்கிறது என்றார். அவள் ஆமாம் என்றாள். டைகோவின் கல் ஒரு கணம் நின்றது, மறுபடி ஓடியது.

மூன்று ஐந்துக்குப் பத்திரம் விரிந்தது. மசுயோ போய் ஒரு முத்திரையை எடுத்து வந்தாள்.

"இது தபால்காரனுக்குப் போடுறதும்மா," என்றார் நிஷிவாகி சிரித்தபடி. "நகராட்சியில பதிஞ்ச முத்திரை வேணும்."

அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். அலமாரி இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஆறு நிமிடம் கழித்து வந்தாள். அது கென்சாகுவின் முத்திரை. நிஷிவாகியின் சிரிப்பு இந்தத் தடவை கண்வரை போகவில்லை. மூன்றாம் தடவை சரியானதைக் கொண்டுவந்தாள். சிவப்பு மைப்பெட்டி காய்ந்துகிடந்தது. அவர் தன் பையிலிருந்து சொந்த மைப்பெட்டியை எடுத்து அவள் முன்னால் திறந்து வைத்தார்.

மூன்று இருபத்திரண்டு. இனி தாமதிக்க எதுவும் மிச்சமில்லை. டைகோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஈரக்கையைச் சட்டையில் துடைத்தான். கதவிடுக்கில் பார்த்தான். மசுயோ முத்திரையை மையில் அழுத்தினாள். எடுத்தாள். அவள் இடது கை ஆடவில்லை.

"எங்க வைக்கணும்?"

"இங்க." நிஷிவாகியின் விரல் காகிதத்தைத் தட்டியது.

"இங்கயா?"

"இல்லம்மா. இங்க."

போன் மணியடித்தது. நிஷிவாகி அப்புறம் பேசிக்கொள்ளலாமே என்றார். மசுயோ முத்திரையைக் கையில் பிடித்தபடியே எழுந்து போய் எடுத்தாள். முதுகைக் காட்டி நின்றாள்.

"ம்," என்றாள். நெடுநேரம் கேட்டாள். "ம். எந்தக் கால்?" மறுபடி கேட்டாள். "எதாவது சாப்பிட்டாரா? ... இல்ல, அவர்கிட்ட இப்பப் போனைக் குடுக்க வேணாம் மேடம். இப்பப் பேசுனா நான் நிக்கமாட்டேன். ம். இங்கதான் இருக்கார்."

டைகோ கதவை முழுசாகத் திறந்து, வாசலுக்குப் போகும் வழியில் வந்து நின்றான். நிஷிவாகி அவனைப் பார்த்தார். பிறகு மசுயோவைப் பார்த்தார்.

அவள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்குத்தான் ஐயா. மிசாகில இருந்து."

நிஷிவாகியின் கை நீளவில்லை. உள்ளிருந்து சவாகோவின் குரல் சின்னதாக, மிகவும் மரியாதையாக அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மசுயோ போனைப் பத்திரத்தின்மேல் வைத்தாள். அவருக்கு எதிரே உட்கார்ந்து, முத்திரையில் ஒட்டியிருந்த சிவப்பை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலிருந்தும் துடைத்தெடுத்து, மூடியைப் போட்டாள்.